மௌனம் யாருக்குச் சம்மதம்? இந்தோனேசியச் சீன இதழ்களும் குடியுரிமைக் கெடுக்களும், 1945–1969

மௌனம் சம்மதம் என்பார்கள். விடுதலைக்குப் பிந்தைய இந்தோனேசியாவில் சீன வம்சாவளிக் குடும்பங்களுக்கு இந்தப் பழமொழி சட்டமாகவே இருந்தது. ஆனால் அந்த மௌனம் யாருக்குச் சம்மதம் என்பது கெடுவுக்குக் கெடு மாறியது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் 1949ஆம் ஆண்டு உடன்பாட்டின்படியும் வாய் திறக்காதவர் இந்தோனேசியர் ஆனார். 1960இல் தொடங்கிய கெடுவில் வாய் திறக்காதவர் சீனர் ஆனார். கடை, பள்ளி, வீடு எல்லாம் அதே தெருவில்தான் இருந்தன. சும்மா இருந்ததற்குச் சட்டம் தந்த பொருள்தான் தலைகீழானது.

இந்த மாற்றத்தைக் கிழக்கு ஜாவாவின் சிற்றூரில் சோயா சாஸ் விற்றவருக்கு யார் சொல்வது? அரசிதழ் அவர் கைக்கு வராது. வந்தது நாளிதழும் வார இதழும்தான். இந்தோனேசியச் சீன இதழ்களை அரசியல் ஏடுகளாக மட்டும் படிப்பவர்கள், குடியுரிமைச் சட்டத்தைக் குடும்பங்களுக்குப் புரியவைத்த கருவியாகவும் அவை இயங்கியதைத் தவறவிடுகிறார்கள்.

இரண்டு வாசகர் கூட்டம்

‘சீன இதழ்’ என்று பொதுவாகச் சொன்னால் குழப்பம் வரும். பல தலைமுறைகளாக அங்கேயே பிறந்து, வீட்டில் மலாயோ ஜாவானியமோ பேசியவர்கள் பெரானக்கான்கள். சீனாவிலிருந்து வந்தவர்களும், சீனப் பள்ளியில் படித்துச் சீனம் பேசிய அவர்கள் பிள்ளைகளும் தோத்தோக்குகள். முதல் கூட்டத்தின் இதழ்கள் ரோமன் எழுத்தில், மலாயில் (பின்னாளில் இந்தோனேசிய மொழி) வந்தன. 1910இல் தொடங்கிய சின் போ, 1923இல் தொடங்கிய கெங் போ, கெங் போ வட்டத்திலிருந்து வந்த வார இதழ் ஸ்டார் வீக்லி ஆகியவை இவற்றில் முக்கியமானவை. இரண்டாம் கூட்டத்துக்குச் சீன எழுத்தில் தனி இதழ்கள் இருந்தன. ஜகார்த்தாவின் தியென் ஷெங் கோமிந்தாங் (பின்னாளில் தைவானை ஆண்ட சீனத் தேசியவாதக் கட்சி) சார்பு. 1945இல் தொடங்கிய ஷெங் ஹுவோ பாவ் பீக்கிங் (கம்யூனிஸ்ட் சீனா) சார்பு. சின் போ நிறுவனம் 1921 முதல் சீனப் பதிப்பையும் நடத்தியது.

குடியுரிமைக் கேள்வி இரு கூட்டத்தையும் ஒரே மாதிரி தொடவில்லை. சீனாவில் பிறந்த தோத்தோக் வெளிநாட்டவர் என்பதில் பெரும்பாலும் ஐயம் இல்லை. ஜாவாவில் பிறந்த பெரானக்கானை இரண்டு நாடுகளும் தம்முடையவர் என்றன. 1909ஆம் ஆண்டின் சிங் அரசச் சட்டம், தந்தை சீனரானால் பிள்ளை எங்கே பிறந்தாலும் சீனர் என்றது. மறு ஆண்டே டச்சு அரசு, தன் ஆளுகைக்குள் குடியிருக்கும் பெற்றோருக்கு அங்கே பிறந்தவர் டச்சுப் பிரஜை என்று சட்டம் செய்தது. 1911இன் சீன–டச்சுத் தூதரக உடன்படிக்கை இதைத் தீர்க்காமல், டச்சு மண்ணில் டச்சுச் சட்டமே செல்லும் என்று ஒதுக்கிவைத்தது. பின்வந்த எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கேதான்.

சின் போவின் தொடக்க நிலைப்பாட்டையும் மறைக்கக் கூடாது. டச்சுப் பிரஜை என்ற நிலையை உதறச் சொன்ன ஏடு அது. காலனிய மக்கள் மன்றத்தில் சீனர் சேர்வதையும் எதிர்த்தது. அதன் பற்று சீனாவின்மேல் இருந்தது. ஆனாலும் இந்தோனேசிய தேசியத்துக்கு அது பகையாக இல்லை. சின் போவின் செய்தியாளராக இருந்த சுப்ரத்மான் இயற்றிய ‘இந்தோனேசியா ராயா’ பாடலை 1928 நவம்பர் 10 அன்று இசைக் குறிப்போடு அச்சிட்டது சின் போதான். பின்னாளில் அதுவே தேசிய கீதம். மண்ணின் மைந்தர்களை இழித்துக் குறித்த டச்சுச் சொல்லை சின் போ கைவிட்டு ‘இந்தோனேசியர்’ என்று எழுதியது. பதிலுக்குத் தேசிய ஏடுகள் ‘சீனா’ என்ற வசைச்சொல்லை விட்டு ‘தியோங்ஹுவா’ என்று எழுதின. இந்தச் சொல் ஒப்பந்தம் 1966இல் எப்படி முறிந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

லியம் குன் ஹியான்

இந்தோனேசியாவே என் நாடு என்று பெரானக்கான்கள் சொல்ல வேண்டும் என முதலில் வாதாடிய இதழாளர் லியம் குன் ஹியான். சுரபாயாவில் சின் தித் போ இதழை நடத்தினார். 1932இல் இந்தோனேசிய சீனர் கட்சியைத் தொடங்கினார். 1945இல் ஜப்பானிய ஆட்சியின் முடிவில் அரசியலமைப்பை வகுக்கக் கூடிய விசாரணைக் குழுவில் அவர் உறுப்பினர். சீன வம்சாவளியினர் அனைவரையும் தானாகவே குடிமக்களாக ஏற்க வேண்டும் என்று அங்கே பேசினார். அதே குழுவில் இருந்த இன்னொரு சீன உறுப்பினரான ஓய் சோங் ஹௌ, சீனர்கள் சீனக் குடிகளாகவே இருக்கட்டும் என்றார். குழு இரண்டையும் ஏற்கவில்லை. அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு ‘அசல் இந்தோனேசியர்’ தாமாகவே குடிமக்கள் என்றது. பிற இனத்தார் சட்டத்தால் ஏற்கப்பட்டால் குடிமக்கள் என்றது. ‘அசல்’ என்ற அந்த ஒரு சொல் அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது.

1951 ஆகஸ்டில் பிரதமர் சுகிமானின் அரசு நடத்திய பெருங்கைது வேட்டையில் லியமும் சிக்கினார். விடுதலையான பின் இந்தோனேசியக் குடியுரிமையை மறுத்து எழுதிக்கொடுத்தார். 1952இல் மேடானில் இறந்தார். இருபது ஆண்டுகள் எதற்காக எழுதினாரோ அதையே கையெழுத்திட்டுத் துறந்துவிட்டார். இந்த வரலாற்றில் இதைவிடக் கனமான ஒரு தாளை நாம் அறியோம்.

முதல் இரண்டு கெடு

1946 ஏப்ரல் 10இல் வந்த 3ஆம் எண் சட்டம் தாராளமானது. பூர்வகுடி அல்லாதவர் இந்தோனேசியாவில் பிறந்து, கடைசி ஐந்து ஆண்டு தொடர்ந்து அங்கே வாழ்ந்து, 21 வயதானவராகவோ திருமணமானவராகவோ இருந்தால் போதும். தான் வேறு நாட்டுக் குடி என்று ஆட்சேபணை தெரிவிக்காதவரை அவர் குடிமகன். ஆட்சேபணைக்கான கெடு பின்னர் நீட்டிக்கப்பட்டது. ஆனால் அந்த ஆண்டுகளில் குடியரசின் கை எட்டிய நிலப்பரப்பே சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. டச்சுப் படை பிடித்த நகரங்களில் வாழ்ந்தவருக்கு அந்தச் சட்டம் நடைமுறையில் இல்லாததற்குச் சமம்.

இரண்டாவது கெடு, டச்சு அரசு ஆட்சியைக் கைமாற்ற ஒப்பிய 1949ஆம் ஆண்டு வட்டமேசை மாநாட்டு உடன்பாட்டின் விளைவு. 1949 டிசம்பர் 27 முதல் 1951 டிசம்பர் 27 வரை இரண்டு ஆண்டு. 18 வயதான, இங்கே பிறந்த டச்சுப் பிரஜைகள் தாமாகவே இந்தோனேசியர். வேண்டாதவர் மறுத்து அறிவிக்கலாம். அதே காலத்தில் மக்கள் சீனத்தின் முதல் தூதர் வாங் ரென்ஷு ஜகார்த்தா வந்து சேர்ந்தார். போருக்கு முன்பே பா ரென் என்ற புனைபெயரில் அறியப்பட்ட எழுத்தாளர், சுமத்ராவில் வாழ்ந்தவர். புதிய சீனத்தின் கவர்ச்சி சீன எழுத்து இதழ்களில் பொங்கிய காலம் அது. நீதிமன்ற வாசலில் மறுப்பு மனுக்கள் குவிந்தன.

ஆய்வாளர்கள் அடிக்கடி தவறும் இடம் இதுதான். 1946, 1949 ஏற்பாடுகள் இரண்டும் ‘மறுக்காவிட்டால் குடிமகன்’ என்ற ஒரே தத்துவத்தில் இருப்பதால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். ஒன்றில் வயது 21, மற்றதில் 18. ஒன்று குடியரசின் சட்டம், மற்றது இரு அரசுகளின் உடன்பாடு. அன்றைய இதழில் ஒரு குடியுரிமை விளக்கத்தைப் படிக்கும்போது, முதலில் இதழின் தேதியைப் பார்த்து, அன்று எந்த ஏற்பாடு செல்லுபடியானது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் அந்த விளக்கம் சரியா தவறா என்று சொல்ல முடியும்.

இந்த முறையில் இன்னொரு பொறியும் இருந்தது. மறுத்தவரிடம் மறுப்புத் தாள் இருந்தது. மறுக்காமல் குடிமகனானவரிடம் எந்தத் தாளும் இல்லை. எதையும் செய்யாததற்கு எந்த அலுவலகம் சான்று தரும்?

பாப்பெர்க்கி, பாண்டுங், கையெழுத்து

குடிமக்களான இவர்களையே மறுபடி வடிகட்டும் ஒரு மசோதா 1953–54இல் தயாரானது. சும்மா இருந்தவர் இனிமேல் தானே முன்வந்து, பெற்றோரும் இங்கே பிறந்தவர்கள் என்று நிறுவ வேண்டும் என்பது அதன் போக்கு. இதை எதிர்க்கவே 1954 மார்ச் 13இல் பாப்பெர்க்கி என்ற அமைப்பு ஜகார்த்தாவில் பிறந்தது. பெயரிலேயே ‘இந்தோனேசியக் குடியுரிமை’ உண்டு. ‘சீன’ என்ற சொல் இல்லை. தலைவர் சியாவ் கியோக் சான் போருக்கு முன் செமாராங்கின் மாத்தா ஹாரி நாளிதழில் தேர்ந்தவர். பின்னர் ஹரியான் ரக்யாட் என்ற இடதுசாரி நாளிதழையும் நடத்தியவர். தொடக்கத்தில் கெங் போ வட்டத்தினரும் உடனிருந்தார்கள். சியாவின் இடதுசாரிச் சாய்வு பிடிக்காமல் விரைவில் தள்ளி நின்றார்கள். 1955 பொதுத்தேர்தலில் பாப்பெர்க்கி 1,78,887 வாக்குகளும் ஓர் இடமும் பெற்றது.

அந்தத் தேர்தலுக்கு ஐந்து மாதம் முன்பு, 1955 ஏப்ரல் 22 அன்று, ஆசிய–ஆப்பிரிக்க மாநாடு நடந்துகொண்டிருந்த பாண்டுங்கில் சீனப் பிரதமர் சௌ என்லாயும் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் சுனாரியோவும் இரட்டைக் குடியுரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வெளிநாட்டுச் சீனர் அனைவரும் தன் குடிகளே என்ற பழைய உரிமையைச் சீனா விட்டுக்கொடுத்த நிகழ்வு என்று உலக ஏடுகள் பாராட்டின. பாராட்டு நியாயமே. ஆனால் பெரானக்கான் இதழ்களில் எழுந்தது அச்சமும் கோபமும். காரணம் ஒப்பந்தத்தின் உட்பிரிவுகளில் இருந்தது.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர் இரண்டு ஆண்டுக்குள் ஒன்றைத் தேர்ந்து அறிவிக்க வேண்டும். இந்தோனேசியா வேண்டுமென்றால் இந்தோனேசிய அதிகாரியிடம் சீனக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். சீனா வேண்டுமென்றால் சீனத் தூதரகத்திடம் மற்றதைத் துறக்க வேண்டும். எதையும் செய்யாதவர் தந்தை வழியைப் பின்பற்றுவார்: தந்தை சீன வம்சாவளியானால் அவர் சீனக் குடி. மணமான பெண் கணவனோடு ஒட்டிப் போவதில்லை. தனக்கெனத் தானே தேர்ந்தாக வேண்டும். பதினெட்டு வயதாகாத பிள்ளைகள் பெற்றோரைத் தொடர்ந்து, வயது வந்ததும் ஓராண்டுக்குள் மறுபடி தேர வேண்டும்.

1946இலும் 1951இலும் சட்டம் சொன்னபடி சும்மா இருந்து குடிமக்களானவர்கள் இப்போது சும்மா இருந்தால் அதை இழப்பார்கள். சட்டத்தை நம்பி நடந்தவரே மறுபடி தேர்வு எழுத வேண்டும். சியாவ் இதை நாடாளுமன்றத்தில் எதிர்த்தார். மற்ற எல்லாவற்றிலும் அவரோடு மோதிய கெங் போ வட்டமும் இந்த ஒன்றில் மனநிறைவின்றியே இருந்தது. இந்த எதிர்ப்பின் பயனாக 1955 ஜூன் 3 அன்று பீக்கிங்கில் இந்தோனேசியப் பிரதமர் அலி சாஸ்த்ரோஅமிஜோயோவும் சௌ என்லாயும் குறிப்புகள் பரிமாறிக்கொண்டார்கள். சமூக, அரசியல் நிலையால் இந்தோனேசியர் என்று ஏற்கெனவே தெளிவானவர்கள் தேர்வு செய்யத் தேவையில்லை என்பது அதன் சாரம். ஆனால் யார் அந்த வகைக்குள் வருவார் என்பதை அரசு முடிவு செய்யும். அரசு ஊழியருக்கும் படைவீரருக்கும் அது உதவியது. கடைக்காரருக்கு உதவவில்லை.

1960: பத்தொன்பது நாள் இடைவெளி

ஒப்பந்தம் கையெழுத்தாகிச் செயலுக்கு வர ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆனது. நாடாளுமன்றம் 1957 டிசம்பரில் ஏற்றது. 1958இன் 2ஆம் எண் சட்டமாயிற்று. ஏற்புப் பத்திரங்கள் 1960 ஜனவரி 20 அன்று பீக்கிங்கில் கைமாறின. தேர்வுக் காலம் அன்று தொடங்கி 1962 ஜனவரி 20 அன்று முடிந்தது.

இதற்கிடையே 1959 நவம்பரில் 10ஆம் எண் அரசாணை வந்தது. மாவட்டத் தலைநகர்களுக்கு வெளியே வெளிநாட்டவர் சில்லறை வணிகம் செய்வதை அது தடுத்தது. நடைமுறைத் தேதி 1960 ஜனவரி 1. தேதிகளை அருகருகே வைத்துப் பாருங்கள்: கிராமத்துக் கடையை வெளிநாட்டவர் ஜனவரி 1இல் மூட வேண்டும், தான் வெளிநாட்டவரா என்பதை அறிவிக்கும் வழியோ ஜனவரி 20இல்தான் திறக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் சட்டப்படி இன்னும் இந்தோனேசியர். ஆனால் கையில் தாள் இல்லாத கடைக்காரரிடம் உள்ளூர் ராணுவ அதிகாரி அந்த நுணுக்கத்தைப் பார்க்கவில்லை. மேற்கு ஜாவாவில் வணிகத்தோடு குடியிருப்பையும் தடை செய்தார்கள். 1960இல் சீனா அனுப்பிய கப்பல்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறினார்கள்.

இதே சமயத்தில் எச்சரிக்க வேண்டிய இதழ்களின் கைகள் கட்டப்பட்டிருந்தன. 1957 முதல் நாடு ராணுவச் சட்டத்தின் கீழ். 1958 ஏப்ரலில் சீன எழுத்தில் இதழ் வெளியிடுவதைத் தரைப்படைத் தலைமை தடை செய்தது. சிலவற்றுக்குப் பிறகு தளர்வு கிடைத்தது. சுமத்ரா, சுலாவெசி கிளர்ச்சிக்குத் தைவான் துணை நின்றதால் கோமிந்தாங் சார்பு ஏடுகள் மீளவே இல்லை. 1958 அக்டோபர் முதல் ஜகார்த்தாவில் வெளியீட்டு உரிமம் கட்டாயம். 1960 அக்டோபரில் அந்த உரிமத்துக்குப் பத்தொன்பது அம்ச உறுதிமொழி சேர்ந்தது. சின் போ என்ற பெயர் பஞ்ச வார்த்தா ஆகி, பிறகு வார்த்தா பக்தி ஆனது. கெங் போ, போஸ் இந்தோனேசியா ஆனது.

அந்த இரண்டு ஆண்டில் ஒரு குடும்பம் செய்ய வேண்டியிருந்தது என்ன? முதலில், 1951 டிசம்பருக்குள் வீட்டில் யாரும் மறுப்பு எழுதவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். தாத்தா எழுதிக்கொடுத்தது பேரனுக்குத் தெரியாமல் இருக்கலாம். அடுத்து இங்கே பிறந்ததற்குச் சான்று. ஜாவாவில் சீனருக்கான பிறப்புப் பதிவே 1919 மே 1இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்து 1960இல் நாற்பத்தொன்றைத் தாண்டியிருந்த எவருக்கும் பிறப்புச் சான்றிதழ் இராது. சாட்சிகளை வைத்து அறிமுகப் பத்திரம் வாங்க வேண்டும். ஜாவாவுக்கு வெளியே பதிவு இன்னும் தாமதம். பிறகு கணவனும் மனைவியும் தனித்தனியாக மாவட்ட நீதிமன்றத்தில் துறப்பு அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். கணவன் கொடுத்தால் போதும் என்று எண்ணி மனைவி வீட்டில் இருந்துவிட்டால், ஒரே கூரையின்கீழ் இரண்டு நாட்டவர். கடைசியாக, நீதிமன்றம் தரும் தாளைப் பேரன் காலம்வரை பத்திரப்படுத்த வேண்டும். பெயர் எழுத்திலும் தகராறு உண்டு: ஹொக்கியென் என்ற தென்சீனப் பேச்சுமொழியில் அமைந்த ஒரே பெயரைப் பிறப்புப் பதிவாளர் ஒரு விதமாகவும் பள்ளி வேறு விதமாகவும் டச்சு எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார்கள். பாப்பெர்க்கி கிளைகள் இந்தத் தாள் வேலையில் மக்களுக்குத் துணை நின்றன. அதன் அரசியலைக் குறை சொல்பவர்கூட இந்தத் தொண்டை மறுக்க முடியாது.

திசை திரும்பிய விவாதம்

தேர்வுக் காலம் தொடங்கிய மூன்றாம் மாதம், 1960 மார்ச் 26 அன்று, ஸ்டார் வீக்லி பத்துப் பேர் கையெழுத்திட்ட அறிக்கையை வெளியிட்டது. இயல்பான ஒன்றுகலப்பே, அதாவது பெரும்பான்மையோடு கரைந்துவிடுவதே, சிறுபான்மைச் சிக்கலுக்குத் தீர்வு என்றது அது. இதழின் ஆசிரியர் ஔயோங் பெங் குன், கெங் போவின் இஞ்ஜோ பெங் கோவாட், இளம் வரலாற்றாளர் ஓங் ஹோக் ஹாம் ஆகியோர் அதில் இருந்தனர். இன அடையாளத்தோடே சம உரிமை வேண்டும் என்பது பாப்பெர்க்கியின் மறுமொழி. பாப்பெர்க்கியிலேயே இருந்த வழக்கறிஞர் யாப் தியாம் ஹியன் ஸ்டார் வீக்லியிலேயே ஒன்றுகலப்பை எதிர்த்து எழுதினார். முந்தைய ஆண்டு அரசியல் நிர்ணய சபையில், குடியரசுத் தலைவர் ‘அசல்’ இந்தோனேசியராக இருக்க வேண்டும் என்ற பழைய அரசியலமைப்புக்குத் திரும்புவதை எதிர்த்துப் பேசியவர் அவர்.

ஒன்றுகலப்பை வேண்டியவர்களின் நோக்கத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கப்பலேறிய மக்களைப் பார்த்து எழுந்த அவசரம் அது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது என்று கருதுகிறோம். அதுவரை இதழ்களில் கேள்வி ‘சட்டம் எனக்கு என்ன உரிமை தருகிறது’ என்பது. அதன் பின் ‘நான் எவ்வளவு தூரம் மாற வேண்டும்’ என்பது முன்னுக்கு வந்தது. முதல் கேள்விக்கு அரசு பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு வாசகனே பதில் சொல்ல வேண்டியிருந்தது. குடியுரிமையின் சுமை நீதிமன்றத்திலிருந்து வீட்டுக்குள் நகர்ந்தது. 1966 டிசம்பரில் சீனப் பெயர்களை இந்தோனேசியப் பெயர்களாக மாற்றும் ஆணை வந்தபோது அந்தச் சுமை பெயர்ப் பலகைவரை வந்துவிட்டது.

விவாதத்தை நடத்திய ஏடும் நிலைக்கவில்லை. ஸ்டார் வீக்லி 1961இல் நிறுத்தப்பட்டது. பி. கே. ஒயோங் என்று பெயரெழுதத் தொடங்கிய அதன் ஆசிரியர், யாக்கோப் ஊத்தாமாவோடு சேர்ந்து 1965 ஜூன் 28இல் கொம்பாஸ் நாளிதழைத் தொடங்கினார். அது அனைவருக்குமான ஏடு. சிறுபான்மை இதழ் அல்ல.

எச்சரிக்க ஏடில்லாத கெடு

ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி ஒன்றை அடுத்து ராணுவத்தின் கை ஓங்கிய 1965 அக்டோபரில் வார்த்தா பக்தி மூடப்பட்டது. பாப்பெர்க்கி தடை செய்யப்பட்டது. சியாவ் பன்னிரண்டு ஆண்டுக்கும் மேல் விசாரணையின்றிக் காவலில் இருந்தார். 1966 ஆகஸ்டில் பாண்டுங்கில் கூடிய தரைப்படைக் கருத்தரங்கு ‘தியோங்ஹுவா’வை விட்டு ‘சீனா’ என்றே அழைக்கத் தீர்மானித்தது. அந்தச் சொல் அரசு வழக்கிலிருந்து 2014இல்தான் நீங்கியது. 1966 செப்டம்பர் முதல் ஒரே ஒரு ஏட்டில்தான் சீன எழுத்து வந்தது: ராணுவத்தின் கையிலிருந்த ஹரியான் இந்தோனேசியா. பாதி சீனம், பாதி இந்தோனேசியம். சுகார்த்தோ ஆட்சி முடியும்வரை வேறு ஏடு இல்லை.

1969 ஏப்ரலில் வந்த 4ஆம் எண் சட்டம் ஒப்பந்தத்தை ஏற்ற சட்டத்தை நீக்கியது. இந்தோனேசியாவைத் தேர்ந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு அது நன்மை: அவர்கள் பதினெட்டு வயதில் மறுபடி தேரத் தேவையில்லை. சும்மா இருந்துவிட்ட பெற்றோரின் பிள்ளைகளுக்கோ, வயது வந்ததும் தேரலாம் என்றிருந்த வழி அடைபட்டது. 1960 ஜனவரியில் எட்டு வயதாக இருந்த சிறுமி பதினெட்டை எட்டும் முன்பே அந்த ஓராண்டுக் கெடு மறைந்துவிட்டது. அவளுக்கு எஞ்சியது 1958ஆம் ஆண்டின் 62ஆம் எண் சட்டப்படி மனு போட்டுக் குடியுரிமை பெறும் வழி. 21 வயதாக வேண்டும், இந்தோனேசிய மொழியும் ஓரளவு வரலாறும் தெரிய வேண்டும், அரசுக் கருவூலத்தில் 500 முதல் 10,000 ரூப்பியாவரை கட்ட வேண்டும். தொகை ஒரு மாத வருமானத்துக்கு மேல் போகக் கூடாது.

தேர்ந்தவர்களின் பிள்ளைகளும் தாளிலிருந்து தப்பவில்லை. 1978இல் நீதி அமைச்சகம் இந்தோனேசியக் குடியுரிமைச் சான்றை முறைப்படுத்தியது. பாஸ்போர்ட்டுக்கும் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கும் திருமணப் பதிவுக்கும் அதைக் கேட்டார்கள். கூடவே பெயர் மாற்றச் சான்றையும் கேட்டார்கள். பிறப்புப் பத்திரத்தில் பழைய பெயர், பள்ளிச் சான்றில் புதிய பெயர், தந்தையின் 1960–62 அறிவிப்பில் மறுபடி பழைய பெயர். 1996இல் அந்தச் சான்றைக் கேட்க வேண்டாம் என்று குடியரசுத் தலைவர் ஆணை வந்த பிறகும் பல அலுவலகச் சன்னல்களில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தந்தையின் அந்த நீதிமன்றத் தாளைப் பல வீடுகளில் இன்னமும் தூக்கி எறியவில்லை.